புதுக்கொட்டை வந்தாச்சு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் உள்ள எங்கள் காப்பித்தூள் கடையில் நீளமான நோட்டு ஒன்று உண்டு. வரவு செலவு அதில் கிடையாது. வாடிக்கையாளர்களின் கலவைதான் இருக்கும். பெயர், தெரு, அதற்கு நேரே 'ஏ பாதி, பி.பி. பாதி, சிக்கரி 20, நைஸ்' என்று அப்பாவின் சாய்ந்த கையெழுத்து. ஏ என்பது பிளான்டேஷன் ஏ. பி.பி. என்பது பீபெரி, பழத்துக்குள் இரண்டு பருப்பாகப் பிரியாமல் ஒற்றையாக உருண்டு விளைகிற கொட்டை. முக்கால்வாசிப் பேருக்கு அப்பா நோட்டைப் புரட்டவே மாட்டார். "வாத்தியார் வீட்டுக்கு அரைக் கிலோ" என்று பையோடு பேரன் வந்து நின்றால் போதும், கை தானாக டப்பாவைத் திறக்கும்.

2018இல் சென்னையில் பார்த்துவந்த கணக்கு வேலையை விட்டுவிட்டு நான் கடைக்கு வந்தேன். அதற்குள் நோட்டில் இருந்த தெருக்கள் மாறிப்போயிருந்தன. பழைய விலாசத்தின் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் 'பெங்களூர், பெரிய பையன் வீடு', 'பூனா, மகள் வீடு' என்று எழுதியிருந்தார் அப்பா. தூள் கொரியரில் போய்க்கொண்டுதான் இருந்தது. கல்லாவுக்கு முன்னால் நின்று பேசுகிற பேச்சு மட்டும் போகவில்லை. தூள் அரைபடுகிற நேரத்தில் அப்பா எத்தனையோ சொல்வார். ஏற்காட்டில் காப்பிச் செடியைப் பூக்கவைக்கும் பூ மழை இந்த வருஷம் தள்ளிப்போய்விட்டது, பழைய கொட்டை தீரப்போகிறது, பத்து நாள் பொறுத்தால் புதுசு கிடைக்கும். உள்ளூர்க்காரர்களுக்கு இதெல்லாம் காப்பித்தூளோடு சேர்த்துக் கிடைத்தது. வெளியூர்க்காரர்கள் போனில் கேட்டார்கள், அதுவும் பெரும்பாலும் ரோஸ்டர் ஓடும் நேரத்தில். வறுபடும் கொட்டை வெடிக்கிற சத்தத்தைக் காதால் கேட்டுத்தான் அப்பா இறக்குவார். ஒரு நிமிஷம் கவனம் போனால் ஒரு டிரம் கொட்டையும் கருகிவிடும். அதனால் போன் அடித்துக்கொண்டே இருக்கும்.

அந்தப் பேச்சை வெளியூருக்கும் அனுப்ப வேண்டும் என்றுதான் மின்னஞ்சலில் கடிதம் எழுத ஆரம்பித்தோம்.

வாட்ஸ்ஆப் போதாதா என்று எல்லோரும் கேட்டார்கள். அப்பாவின் போனில் ஏற்கெனவே ஒரு பிராட்காஸ்ட் பட்டியல் இருந்தது. அதில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. நம் எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். அப்படிச் சேர்ந்ததும் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே மேலேறிப் போய்விடும். மின்னஞ்சல் அப்படியில்லை. ஆறு மாதம் கழித்து 'பீபெரி' என்று தேடினாலும் வந்து நிற்கும். இன்னொன்றும் எனக்கு முக்கியமாகப் பட்டது. எந்தக் கம்பெனி எந்த விதியை மாற்றினாலும், வாடிக்கையாளர்களின் முகவரிப் பட்டியல் அப்பாவின் நோட்டைப் போலக் கடையின் சொத்தாகவே இருக்கும். எடுத்துக்கொண்டு வேறு எங்கும் போகலாம்.

விளம்பரத் துறையில் இருந்த தோழி ஒருத்தி, கொரியர் ரெஜிஸ்தரில் இருக்கும் மெயில் முகவரிகளையெல்லாம் ஏற்றிவிட்டு அன்றைக்கே அனுப்பச் சொன்னாள். அப்பா ஒப்பவில்லை.

"பார்சல் அனுப்பறதுக்குக் கொடுத்த விலாசம் கண்ணு அது. லெட்டர் போடுன்னு அவங்க சொன்னாங்களா?"

சொல்லவில்லைதான். அனுமதி கேட்காத வியாபார மின்னஞ்சலின் கதை பழையது. 1978இல் ஒரு அமெரிக்கக் கணினி நிறுவனத்தின் விற்பனையாளர், அன்றைய ஆர்பாநெட் வலையில் இருந்த சுமார் 400 பேருக்குத் தம் கம்பெனி இயந்திரங்களைப் பற்றி ஒரே மூச்சில் கடிதம் அனுப்பினார். அதையே உலகின் முதல் ஸ்பாம் என்கிறார்கள். அன்று அவருக்குக் கிடைத்த திட்டுதான் இன்றைக்கும் கிடைக்கும். அப்பாவுக்கு இந்த வரலாறு தெரியாது. கடை வாசலில் நின்று யாரையும் கையைப் பிடித்து இழுக்காத வியாபாரி அவர்.

கல்லா மேல் நூறு பக்க நோட்டு ஒன்றைத் திறந்து வைத்தேன். 'மாதம் ஒரு கடிதம். புதுக்கொட்டை, விலை, வறுக்கும் நாள். விருப்பமுள்ளவர்கள் மெயில் முகவரி எழுதவும்.' அவ்வளவுதான் அதில் இருந்தது. வெளியூர்ப் பார்சல்களில் அதையே துண்டுச் சீட்டாக வைத்தோம். கையால் எழுதிய மின்னஞ்சல் முகவரியைப் படிப்பது தனி வித்தை. ஒன்றாம் எண்ணா, சின்ன எல்லா என்று தெரியாது. அடிக்கோடு நோட்டின் கோட்டோடு கலந்துவிடும். 'ஜிமெயில்' என்று எழுதிவிட்டு அதற்குப் பிறகு வரவேண்டிய 'டாட் காம்' எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிடுவார்கள். வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் முகவரியை எழுதி, ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே அது எந்த எழுத்து என்று தமிழில் குறித்திருந்தார். எல்லோரும் அவரைப் போல எழுதியிருந்தால் என் மாலைப்பொழுதுகள் மிச்சமாகியிருக்கும். முகவரியை ஏற்றியதும், 'நீங்கள்தான் கேட்டீர்களா, ஆம் என்றால் இதை அழுத்துங்கள்' என்று ஒரு சின்ன மெயில் போகும்படி வைத்தேன். அழுத்தியவர்களுக்கு மட்டுமே கடிதம். பட்டியல் பாதியாகக் குறைந்தது. குறைந்தாலும் அதில் இருந்த ஒவ்வொருவரும் இருமுறை சம்மதம் சொன்னவர்கள்.

சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்து ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது. அதோடு முகவரிகளை மறை நகலில் போட்டு அனுப்பினால், விலக விரும்புகிறவருக்கு விலக வழியிருக்காது. அதனால் மெயில்சிம்ப் போன்ற சேவைதான் சரி. அப்போது 2,000 முகவரி வரை இலவசம். பிறகு அந்த வரம்பைக் குறைத்துவிட்டார்கள். கணக்கைத் திறக்கும்போது கடையின் தபால் விலாசத்தைக் கேட்டது. வியாபார மின்னஞ்சலில் அனுப்புகிறவரின் உண்மையான விலாசம் இருக்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம். அப்பாவுக்கு அந்தச் சட்டம் ரொம்பப் பிடித்துவிட்டது. விலாசம் இல்லாமல் ஒருத்தன் எப்படிக் கடை நடத்துவான் என்றார்.

முதல் கடிதத்துக்குத் தோழி ஒரு மாதிரி செய்து கொடுத்தாள். ஆவி பறக்கும் கோப்பை, பொன்னிற எழுத்தில் பத்து சதவீதத் தள்ளுபடி. அழகாகத்தான் இருந்தது. அப்பா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுவதையும் படித்தார். "இதுல காப்பியைப் பத்தி ஒண்ணும் இல்லையே" என்றார்.

அப்புறம் நான் அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, வாடிக்கையாளர்களிடம் அவர் என்ன பேசுகிறார் என்று குறித்துக்கொள்ள ஆரம்பித்தேன். அதையே கடிதமாக எழுதினேன். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் பறிப்பு நவம்பரில் தொடங்கி ஜனவரி வரை போகும். தோல் நீக்கி, கழுவி, களத்தில் காயவைத்து, கியூரிங் முடிந்து மூட்டையாக எங்களிடம் வரும்போது மாசி ஆகிவிடும். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் ஏற்காட்டுக்குக் கொண்டுவந்த செடியின் வழியில் வரும் பயிர் இது. அந்த வருஷக் கொட்டை எப்படி இருக்கிறது, எந்தக் கிழமை வறுக்கிறோம், எந்தக் கிழமை கொரியர் போகும். படம் ஒன்றே ஒன்று, களத்தில் காயும் கொட்டை. தள்ளுபடி கிடையாது.

தலைப்பு வரிக்குத்தான் நேரம் பிடித்தது. போன் திரையில் தலைப்பின் முதல் மூன்று நான்கு சொற்கள்தான் தெரியும். நம் சொற்களோ நீளம். 'அன்பான வாடிக்கையாளர்களுக்கு எங்கள் கடையின் வணக்கம்' என்று வைத்தால் வணக்கம் வருவதற்குள் திரை முடிந்துவிடும். செய்தி முதல் சொல்லிலேயே இருக்க வேண்டும். ஒரு வாரமாக போனில் எல்லோரும் கேட்ட கேள்வியையே பதிலாக்கினேன்: 'புதுக்கொட்டை வந்தாச்சு'. நீளத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் கடிதத்தை நடுவில் வெட்டிவிடும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் என்றால் தமிழில் 'க'வுக்கே மூன்று, 'கி'க்கு ஆறு. அலங்காரங்களைக் குறைத்ததும் தமிழுக்கு இடம் கிடைத்தது.

கடிதம் போன அன்று மாலையே பதில்கள் வந்தன. 'வழக்கம்போல அரைக் கிலோ' என்பவை நிறைய. நடுவே கேள்விகள். அதிகம் பேர் கேட்டது சிக்கரியைப் பற்றி. அது கலப்படம் இல்லையா? உடம்புக்கு ஆகுமா? 'பியூர்' காப்பிதான் உசத்தி என்கிறார்களே? இரண்டாம் கடிதம் முழுக்க சிக்கரிதான். குஜராத்தில் விளையும் ஒரு செடியின் வேர். காயவைத்து வறுத்து அரைப்பது. டிகாக்‌ஷனுக்கு அடர்த்தியும் நிறமும் கொடுக்கும். அதில் கஃபீன் இல்லை. கலவையில் காப்பி குறைந்தது 51 சதவீதம் இருந்தாக வேண்டும், சிக்கரி எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டின் மேல் போட்டாக வேண்டும் என்பது விதி. சொல்லிவிட்டுச் சேர்த்தால் கலவை, சொல்லாமல் சேர்த்தால்தான் கலப்படம் என்று அப்பா சொன்னதை அப்படியே எழுதினேன். சிக்கரி விலை குறைந்த சரக்கு, அதைக் கூட்டினால் கடைக்கு லாபம் என்பதையும் எழுதச் சொன்னார். அதை எழுத எனக்குத் தயக்கமாக இருந்தது. "தெரிஞ்சுதான் கேக்கறாங்க, நாமளே சொல்லிட்டா என்ன?" என்றார். அந்த மாதம் சிக்கரியைக் குறைத்துக்கொண்டவர்களும் உண்டு, நிம்மதியாக 30இலேயே தொடர்ந்தவர்களும் உண்டு.

2020 ஊரடங்கில் கொரியர் நின்று, பிறகு தத்தளித்து ஓடியபோது கடிதம் வாரம் ஒரு தடவை போனது. எந்த ஊருக்குப் பார்சல் எடுக்கிறார்கள், எந்த ஊருக்கு இல்லை என்ற வெறும் பட்டியல்தான். அதைப் படித்தவர்கள்தான் அதிகம்.

கடிதத்தின் அருமை எனக்கு முழுதாகத் தெரிந்தது விலை ஏறியபோது. 2021 ஜூலையில் பிரேசிலில் கடும் பனி விழுந்து காப்பித் தோட்டங்கள் கருகின. உலகத்திலேயே அதிகம் காப்பி விளைகிற நாடு அது. அங்கே செடி கருகினால் ஏற்காட்டுக் கொட்டைக்கும் விலை ஏறும். அடுத்த பிப்ரவரிக்குள் அராபிகா விலை பத்து வருஷத்தில் காணாத உயரத்துக்குப் போய்விட்டது. லீ பஜாரில் எல்லாக் கடையிலும் அதே பேச்சு. பாக்கெட்டின் எடையைச் சத்தமில்லாமல் குறைப்பது ஒரு வழி. கலவையில் விலை குறைந்த ரோபஸ்டா ரகத்தை ஏற்றிவிடுவது இன்னொரு வழி. அப்பா, விலையை ஏற்றுவோம், ஏற்றுவதற்குப் பத்து நாள் முன்னாலேயே சொல்லுவோம் என்றார்.

அந்தக் கடிதத்தை உட்கார்ந்து எழுதினோம். பிரேசில் பனியைச் சொன்னோம். ஒரு கிலோ பச்சைக் கொட்டையை வறுத்தால் ஈரம் போய் 800 முதல் 850 கிராம் வரைதான் மிஞ்சும் என்பதைச் சொன்னோம். அந்தக் கணக்கைப் பல வருஷ வாடிக்கையாளர்களே கேள்விப்பட்டதில்லை. கொட்டை விலை, வறுக்கும்போது குறைகிற எடை, எரிவாயு, கூலி என்று ஒரு கிலோ தூளின் விலை எப்படி வருகிறது என்று வரிவரியாகப் போட்டோம். புது விலை எந்தத் தேதியிலிருந்து என்றும் போட்டோம். முடித்துவிட்டு நான் ஒரு வரி சேர்த்தேன்: 'அதற்குள் பழைய விலையில் வாங்கிக்கொள்ளலாம்.'

அப்பா அந்த வரியை அடித்தார். அதற்குப் பதிலாக அவர் சொல்லச் சொல்ல எழுதியது இது: 'விலை ஏறுகிறதென்று தூளை மொத்தமாக வாங்கி வைக்காதீர்கள். அரைத்த தூள் இரண்டு வாரத்துக்கு மேல் வாசனையை இழந்துவிடும். எப்போதும் வாங்குகிற அளவே வாங்குங்கள்.'

விற்கிறவனே வாங்காதே என்று சொன்ன கடிதம் அது. அன்று எனக்கு வந்த பதில்களைப் போல அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை. ஒருவர்கூட விலையைப் பற்றி முறையிடவில்லை. தம் வீட்டில் தூளை எதில் போட்டு வைக்கிறார்கள், ஃபிரிட்ஜில் வைப்பது சரியா, பித்தளை ஃபில்டரா எவர்சில்வரா என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். வாடிக்கையாளரிடம் கேள்வி வருவதற்கு முன் நாம் பதில் சொல்லிவிட வேண்டும் என்று அப்பா கல்லாவில் உட்கார்ந்து செய்துவந்ததைத்தான் அந்தக் கடிதம் செய்தது. தள்ளுபடிக் கடிதம் ஒன்றை அனுப்பியிருந்தால் தூள் கொஞ்சம் கூடுதலாக விற்றிருக்கும். இத்தனை பேர் எங்களோடு பேசியிருக்க மாட்டார்கள்.

பூனாவிலிருந்து வந்த பதில் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அனுப்பியவர் எங்கள் பட்டியலில் இல்லை. தம் அம்மாவின் மெயில் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார். அம்மா போன மாதம் தவறிவிட்டார். சேலத்தில் இருந்த காலத்திலிருந்து உங்கள் கடைத் தூள்தான், என்ன கலவை வாங்குவார் என்று எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது, சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார்.

அப்பா நோட்டை எடுத்தார். அந்தப் பெயருக்கு நேரே 'பி.பி., சிக்கரி 40' என்று இருந்தது. 40ஐ அடித்து 30. அதை அடித்து 20. அதையும் அடித்து, வேறு பேனாவில் 10. ஒரு வரிக்குள் நான்கு எண்கள். கடைசி எண்ணை மட்டும் எழுதி அனுப்பினால் போதும் என்று நான் நினைத்தேன். அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பக்கத்தையே போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். மற்ற பெயர்களை ஒரு தாளால் மறைத்துவிட்டு எடுத்தேன். மறுநாள் பதில் வந்தது. '40 என்று இருப்பது நாங்கள் இரண்டு பேரும் காலேஜ் படித்த வருஷங்களாக இருக்கும். வீட்டில் காப்பி எப்போதும் ஒரே மாதிரிதான் இருந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.' பத்து சதவீதம் போட்டு கால் கிலோ அனுப்பினோம். அவர் இப்போது பட்டியலில் இருக்கிறார்.

மின்னஞ்சல் எழுதுகிற பெரிய கம்பெனிகள் பல, 'இந்த முகவரிக்குப் பதில் அனுப்ப வேண்டாம்' என்று அடியில் போடுகின்றன. சின்னக் கடைக்காரர் யாராவது என்னிடம் யோசனை கேட்டால், மற்ற எதை விட்டாலும் அதை மட்டும் செய்யாதீர்கள் என்பேன். எங்கள் கடிதத்துக்குப் பதில் அனுப்பினால் அது கல்லாவில் இருக்கும் கணினியில் வந்து விழும். எத்தனை பேர் திறந்தார்கள் என்று சேவைக்காரர்கள் காட்டும் எண்ணை ஆரம்பத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். 2021 செப்டம்பரில் ஆப்பிள் போன்களில் ஒரு மாற்றம் வந்தது. படிப்பவர் திறந்தாலும் திறக்காவிட்டாலும் மெயிலில் உள்ள படங்கள் முன்கூட்டியே இறங்கிவிடும். திறந்தார்களா என்று கண்டுபிடிப்பதே அந்தப் படத்தை வைத்துத்தான் என்பதால் அந்த எண்ணுக்கு அர்த்தம் போய்விட்டது. எத்தனை பேர் பதில் எழுதினார்கள் என்பதை மட்டும் இப்போது குறித்துவைக்கிறேன். விலகுகிறவர்களும் உண்டு. முதலில் அப்பாவுக்கு அது வருத்தமாக இருந்தது, யார் என்று கேட்பார். நாளடைவில், ரத்தக்கொதிப்பு வந்து காப்பியை நிறுத்தியிருப்பார்கள் பாவம் என்று சொல்லப் பழகிக்கொண்டார்.

2024 பிப்ரவரியில் ஜிமெயிலும் யாஹூவும், அனுப்புகிறவர் சொந்தப் பெயரில்தான் அனுப்புகிறார் என்று நிரூபிக்கும் ஏற்பாடுகளைக் கண்டிப்பாக்கின. நாங்கள் அதற்கு முன்பே கடைக்கென்று ஒரு டொமைன் வாங்கியிருந்தோம். எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் என்று மூன்று பதிவுகளைச் சேர்க்க வேண்டும். பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு தம்பி ஒரு மாலையில் செய்து கொடுத்துவிட்டான். இது இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல கடிதமானாலும் ஸ்பாம் பெட்டியில் கிடக்கும். ஆரம்பிக்கும்போதே செய்துவிடுவது நல்லது.

போன வருஷம் கடிதத்தில் ஒரு கேள்வி கேட்டோம்: வீட்டில் அரைக்கும் இயந்திரம் வைத்திருக்கிறீர்களா? அப்பாவுக்கு அந்தக் கேள்வியில் நம்பிக்கை இல்லை. நம் ஊர் ஆட்கள் அரைத்த தூளைத்தான் கேட்பார்கள் என்றார். பெங்களூர், ஹைதராபாத், ஹோசூர் பக்கமிருந்து பதில்கள் வந்துகொண்டே இருந்தன. சின்ன வயதுக்காரர்கள், அவர்களோடு ஓய்வு பெற்றவர்களும். பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த கிரைண்டர் சும்மா இருக்கிறது, கொட்டையாகவே அனுப்பினால் அரைத்துக்கொள்வோம் என்றார்கள். வறுத்த கொட்டை தூளைவிட நாள்படும் என்பதால் அவர்களுக்கும் நல்லது. சிக்கரி வேண்டுபவர்களுக்குத் தனிப் பொட்டலமாகக் கட்டித் தருகிறோம், கலந்துகொள்ளும் அளவை மேலே எழுதி.

அதற்கென்று இப்போது வியாழக்கிழமை ஒரு டிரம் தனியாக வறுக்கிறார் அப்பா. செவ்வாய் இரவு கடிதம் போகும், புதன் மாலைக்குள் கேட்டவர்களுக்கு வெள்ளி காலை பார்சல். நோட்டில் அவர்கள் பெயருக்கு நேரே அரைப்பு எழுதும் இடத்தில் 'முழுசு' என்று எழுதுகிறார்.